மார்கழியில் பார்த்த வீடு

என் மகனுக்கு,

நீ கொழும்புக்குப் போகும்போது மேசையில் வைத்துவிட்டுப் போன வீட்டுப் படத்தை நான் இன்னும் எடுத்து வைக்கவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். ஓட்டுக் கூரை, சிவப்புச் சீமெந்துத் தரை, முன்னுக்கு மாமரம், பின்னுக்குப் பெரிய வெளி. "பிள்ளையள் ஓடி விளையாட அந்த வெளி ஒண்டே போதும் அம்மா" என்று சொன்னாய். நல்ல ஊர், நல்ல சனம், ஒரு சத்தம் இல்லை என்றும் சொன்னாய். நான் அப்போது வாய் திறக்கவில்லை. நீ பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் படலையில் நின்றாய். அப்படி நிற்கிறவனுக்கு என்ன சொன்னாலும் காதில் ஏறாது. அதனால் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை இது. கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொண்டு முழுவதையும் வாசி. பாதியில் மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்காதே, அது உன் அப்பாவின் பழக்கம்.

சித்திரை பிறந்தால் நீ சவுதிக்குப் போய்விடுவாய். வாடகைக்கு இருக்கிற லிங்கநகர் வீட்டை வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கிறார். என்னால் உன் தங்கையின் கைப்பிள்ளையை விட்டு நீ பார்த்த வீட்டில் வந்து இருக்க ஏலாது. ஆகவே அந்த ஊரில் இருக்கப் போவது நீயும் இல்லை, நானும் இல்லை. வசந்தியும் உன் இரண்டு பிள்ளைகளும்தான். அவள் பட்டணத்தில் பிறந்தவள். பக்கத்து வீட்டு வானொலிச் சத்தத்தில் நித்திரை கொண்டு வளர்ந்தவள். நீ பார்த்தது வீடு. அவள் சீவிக்கப் போவது ஊரோடு. நீ இரண்டு தரம் போய்ப் பார்த்தாய், இரண்டு தரமும் மார்கழி மழை, இரண்டு தரமும் குடை பிடித்துக்கொண்டு தரகர் கூடவே வந்தார். மழைக்குள் எந்த ஊர் சத்தம் போடும்? எந்த மனிதன் நனைந்துகொண்டு நின்று உனக்குத் தன் ஊரைப் பற்றிச் சொல்லுவான்?

உன் அப்பாவுக்கும் ஒரு மார்கழியில்தான் வீடு பார்த்தார்கள். உனக்கு அப்போது நாலு வயது, அதனால் உனக்கு மணலும் தென்னை மரமும்தான் ஞாபகம் இருக்கும். எனக்கு மற்றது எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஊரின் பெயரை எழுத மாட்டேன். பட்டணத்துக்கு வடக்கே கடற்கரையோடு கிடக்கிற ஊர், அவ்வளவு போதும். அங்கே அன்றைக்கு என்னைப் பார்த்தும் பாராமல் போனவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் உன் மருமக்களோடு ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

வெள்ளைக்காரனின் கடற்படை அப்போது துறைமுகத்தை விட்டுப் போகவில்லை. அப்பாவுக்குச் சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வேலை. கிழமைக்கு ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். வீட்டைத் தேடிப் பிடித்தவர் உன் பெரியப்பா. "அருமையான வளவு, கடல் காத்து, தொல்லை கரைச்சல் ஒண்டும் இல்லை" என்று அவரும் நீ சொன்ன மாதிரியேதான் சொன்னார். நான் தம்பலகாமத்து வயல்காரர் வீட்டில் பிறந்தவள். கோயிலுக்குப் போகிற நாளில் மலையில் நின்று கடலைப் பார்த்ததோடு சரி. மழை மாதத்தில் போய் இறங்கினோம். கடல் இரைந்துகொண்டு கிடந்தது. தோணிகளை எல்லாம் மேலே ஏற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கரையில் ஒரு நாய் கூட இல்லை. கடலோரம் இப்படித்தான் அமைதியாக இருக்கும் என்று நினைத்து, வளவைச் சுற்றித் தென்னோலை பின்னிய கிடுகு வேலியை நானே நின்று கட்டுவித்தேன்.

பங்குனி முடிய, கடல் படுத்தது. ஒரு நாள் காலையில் அடுப்பை மூட்டிவிட்டுக் குசினிக்கு வெளியே வந்து பார்த்தேன். கடல் பக்க வேலியில் பெரிய வாசல் மாதிரி ஒரு இடைவெளி. கழற்றிய கிடுகை ஒரு கீற்றும் கிழியாமல் தென்னையில் சாத்தி வைத்திருந்தார்கள். அந்த இடைவெளியால் ஒரு கயிறு வளவுக்குள் வந்து கிடந்தது. அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து ஆண்கள், எனக்கு முதுகைக் காட்டியபடி, ஏலேலோ பாடிக்கொண்டு பின்னுக்குப் பின்னுக்கு என் குசினியை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். கரைவலை. தோணியில் போய் வலையைக் கடலில் வளைத்துவிட்டு, இரண்டு நுனிக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்கிறது. மற்ற இடங்களில் கரை அகலம், இழுக்கிறவர்கள் பின்னால் நடக்க மணல் இருக்கும். எங்கள் வளவுக்கு முன்னால் மட்டும் கரை ஒடுக்கம். ஆகவே தலைமுறை தலைமுறையாக அந்த வளவுதான் அவர்களுக்கு வழி. விற்றவருக்குத் தெரியும். தரகருக்குத் தெரியும். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அவர்கள் போன பிறகு நான் கிடுகைத் தூக்கி முந்தி இருந்த மாதிரியே கட்டிவிட்டேன். பக்கத்து வளவுப் பூரணம் வேலியால் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல் சொல்லவில்லை. அன்று பின்னேரமே ஒரு வயதாளி படலையில் வந்து நின்றார். கையில் ஓலைப் பட்டை, பட்டைக்குள் இரண்டு பாரை மீன், இன்னும் கண் மங்காத மீன். "சம்மாட்டியார் தரச் சொன்னவர்" என்றார். சம்மாட்டியார் என்றால் வலைக்குச் சொந்தக்காரர், அந்தக் கரைக்குப் பெரியவர். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நான் தலை முழுகி விளக்கு வைத்துவிட்டு நின்றேன்.

"இண்டைக்கு வெள்ளி, ஐயா. எங்கட வீட்டுக்குள்ள மீன் ஏறாது. கொண்டு போங்கோ" என்றேன்.

மரியாதையாகத்தான் சொன்னேன். என் தாய் வீட்டில் அப்படித்தான் சொல்லுவோம், யாரும் கோபிக்க மாட்டார்கள். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார், பட்டையை மூடிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வேலியை ஒருவரும் தொடவில்லை. கயிறு வரவில்லை. இழுக்கிறவர்கள் ஒடுக்கமான மணலுக்குள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு இழுத்தார்கள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன், தம்பி. அப்பா வந்ததும் பெருமையாகச் சொன்னேன். அவரும் சிரித்தார்.

பிறகுதான் மெல்ல மெல்லத் தெரிந்தது. கடைக்குப் போனால் கண் முன்னால் சீனி மூட்டை இருக்கும், "முடிஞ்சுது" என்பார்கள். கோயிலில் நான் போய் நின்ற பக்கம் காலியாகும். அடுப்பு மூட்ட நெருப்புக் கேட்டுப் போனால் பூரணம், "நாங்களும் இன்னும் மூட்டேல்ல" என்பாள், அவள் கூரைக்கு மேலால் புகை போய்க்கொண்டிருக்கும். யாரும் ஏசவில்லை, யாரும் கல் எறியவில்லை. ஏசினால் திருப்பி ஏசியிருப்பேன், அதற்கு எனக்கு வாய் இருந்தது. ஒன்றும் செய்யாத சனத்தோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது?

ஆடி வெயிலில் உனக்குக் காய்ச்சல் வந்தது. விடியும்போது உடம்பு கொதித்தது, மத்தியானம் கண் செருகத் தொடங்கியது. அப்பா சீனக்குடாவில். பூரணத்தின் புருசனிடம் மாட்டு வண்டி இருந்தது. மாடு கட்டையில்தான் நின்றது, நான் என் கண்ணால் பார்த்தேன். படலையில் நின்று கூப்பிட்டேன். பூரணம் வெளியே வந்து, "மாட்டுக்குக் கால் சரியில்லை" என்றாள். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. உன்னை நனைத்த துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு பெரிய றோட்டை நோக்கி மணலுக்குள் நடந்தேன். நீ கொஞ்ச நேரம் முனகினாய். பிறகு முனகலும் நின்றுபோனது. அந்த மணலின் சூடு இப்போதும் என் உள்ளங்காலில் இருக்கிறது.

பின்னால் சைக்கிள் மணி கேட்டது. கிண்ணியாவிலிருந்து வந்து கரையில் மீன் வாங்கிப் பட்டணத்துக்குக் கொண்டு போகிற முஸ்லிம் வியாபாரி, ஊரில் எல்லாரும் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடுகிற மனிதர். ஒன்றும் கேட்காமல் மீன் பெட்டியை இறக்கி வேலியோரம் வைத்தார். வெயிலில் கெட்டுப் போகுமே என்றேன். "மீன் நாளைக்கும் வரும் புள்ள, ஏறுங்க" என்றார். என்னைப் பின்னால் இருத்தி, மணலில் உருட்டிக்கொண்டு போகும்போதுதான் கேட்டார்.

"நீங்கதானே சம்மாட்டியார்ர மீனத் திருப்பி விட்ட வீடு?"

"அண்டைக்கு வெள்ளிக்கிழமை, காக்கா."

அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். "அல்லாவே, அதுக்கா? அது முதல் மீன் புள்ள. வருசத்தில மொத வலைப் பாட்டில பட்டது. அத வாங்கினா, போங்க வாங்க, வழி இரிக்கி எண்டு அர்த்தம். திருப்பினா, உங்கட தொழிலும் வேணாம், நீங்களும் வேணாம் எண்டு அர்த்தம். வேலியக் கட்டினத்துக்கு அவங்க கோவிக்கல்ல. வேலி காத்துக்கும் விழும். வாங்கி ஒரு மூலையில வெச்சிட்டு, சனிக்கிழம ஆக்கியிருந்தா முடிஞ்சிரிக்கும்."

பஸ்ஸில் ஏற்றிவிட்டுத்தான் அவர் திரும்பிப் போனார். ஆஸ்பத்திரியில் நீ பிழைத்தாய். கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கினார், நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்பா வந்ததும் உன் பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். உங்களுக்கு இது தெரியுமா என்று. அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "தெரியும். அதெல்லாம் பொம்பிளையளுக்கு எதுக்கு எண்டு விட்டிட்டன்" என்றார். கயிறு வருவது என் குசினி வாசலுக்கு, மீன் வருவது என் கைக்கு, வண்டி கேட்டு நின்றது நான், அது எனக்கு எதற்காம். அன்றையிலிருந்து அவர் வீட்டில் நான் வாய் நனைத்ததில்லை. அவருடைய செத்த வீட்டுக்கும் போனேன், அழவும் அழுதேன், தேத்தண்ணி தந்தார்கள், குடிக்கவில்லை. நீ அப்போது என்னைக் கடிந்துகொண்டாய். காரணம் இதுதான்.

அடுத்த வருசம் கடல் படுக்கிறதுக்கு முன்னமே கிடுகை நானே கழற்றித் தென்னையில் சாத்தி வைத்தேன். அதே வயதாளி வந்தார். முதல் மீனை வாங்கினேன். அன்று மத்தியானம் கயிறு வளவுக்குள் வந்தது, நான் இழுக்கிறவர்களுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன், கடையில் சீனி முடியாமல் இருந்தது. பிறகு நாலு வருசம் அங்கே குறைவில்லாமல்தான் இருந்தோம். லிங்கநகருக்கு வரும் நாளில் பூரணம் பஸ் வரைக்கும் வந்து அழுதாள். நான் அழவில்லை. அவளுடைய மாட்டின் கால்கள் எனக்குத் தெரியும்.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன்.

நீ கொழும்புக்குப் போன பிறகு, மாசி பிறந்ததும், தரகருக்குச் சொல்லாமல் தனியே பஸ் ஏறிப் போனேன். சங்கக்கடையில் ஒரு போத்தல் எண்ணெய் வாங்கிக்கொண்டு, அந்த மாமரத்து வீட்டில் முந்தி இருந்த ஆட்கள் ஏன் போனார்கள் என்று கேட்டேன். பாம்பு என்றார் கடைக்காரர். கோயிலில் கேட்டேன், வாத்தியாருக்கு மாற்றம் வந்தது என்றார் ஐயர். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், கிணற்றுத் தண்ணி ஒத்துவரவில்லை என்றாள். ஒரே வீட்டை விட்டுப் போனதற்கு மூன்று பேர் மூன்று காரணம் சொன்னால், நாலாவது ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். பிறகு வீட்டுக்குப் பின்னால் போய் உன்னுடைய வெளியைப் பார்த்தேன். படத்தில் கண்ட புல்லைக் காணவில்லை. செதுக்கி, சாணம் பூசி, நடுவில் கட்டை நட்டு, ஓரத்தில் வெட்டின கதிரைப் போராகக் குவித்துச் சூடு வைத்திருந்தார்கள். தம்பி, நீ பிள்ளைகள் பந்தடிக்கலாம் என்று பார்த்தது ஊரின் நெல்லுக் களம்.

நான் வயல்காரி, எனக்கு அது போதும். மாடு விட்டுச் சூடு மிதித்து நெல் வீட்டுக்குப் போகும் வரைக்கும் பெண்கள் களத்துக்குள் கால் வைப்பதில்லை. அங்கே ஆண்கள் கதைக்கிற சொல்லும் வேறு. இது சரியா பிழையா என்று நான் உன்னோடு வாதாட வரவில்லை. உன் வீட்டிலிருந்து பஸ் றோட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் குறுக்கு வழி அந்த வெளிதான். மார்கழியில் நீயே அதால் நடந்து வந்திருப்பாய். வசந்தி ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பையுமாக அதே வழியால் செருப்போடு போவாள்.

முந்தி இருந்த வாத்தியாரின் மனைவி இப்போது பட்டணத்தில்தான் இருக்கிறாள். விசாரித்து வீட்டுக்கே போனேன். ஒரு ஊரைப் பற்றி அறிய வேண்டுமென்றால் அங்கே இருக்கிறவர்களை விட, அங்கிருந்து போனவர்களைக் கேட்க வேண்டும். அவள் முதலில் பாம்பு என்றுதான் தொடங்கினாள். நான் எழும்பாமல் இருந்தேன். பிறகு சொன்னாள். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் களத்துக்குள்ளால் ஓடினாளாம், அந்த முறை நெல் குறைந்துபோனதாம். "ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல அம்மா. கதைக்கிறதைத்தான் விட்டிட்டினம்" என்றாள். எனக்கு அப்போதே மனம் முடிந்துவிட்டது. அந்த வீடு வேண்டாம் என்று உனக்கு எழுத வேண்டும் என்றுதான் எழும்பி வந்தேன்.

ஆனால் வசந்தி கேட்கவில்லை. இருக்கப் போகிறது நான், எனக்கு ஒருக்கால் காட்டுங்கோ மாமி என்றாள். நீ அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். போன வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் போனோம். வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அடுத்த வளவிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னை விடக் கொஞ்சம் இளையவள். பெயர் நல்லம்மா.

"நீங்கள்தானே பிள்ளை இந்த வீட்டுக்கு வரப்போறது?" என்று வசந்தியைக் கேட்டாள். "அப்ப ஒரு கதை சொல்ல வேணும். கோவிக்கப்படாது. கதிர் வெட்டினால், நெல்லு வீட்டுக்குப் போகுமட்டும் இந்த வெளியால பொம்பிளையள் போறேல்ல. எங்கட வீட்டு முற்றத்தால போங்கோ. படலை பூட்டுறேல்ல."

"போனால் என்ன செய்வினம்?" என்று கேட்டாள் வசந்தி. கேட்கிற பிள்ளை அவள், எனக்கு அது பிடிக்கும்.

நல்லம்மா சிரித்தாள். "ஒண்டும் செய்யமாட்டினம். அதுதான் கரைச்சல்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "முந்தி இருந்த பிள்ளைக்கு நான் சொல்லியிருக்கலாம். ஆரும் சொல்லியிருப்பினம் எண்டு இருந்திட்டன். எல்லாரும் அப்படித்தான் இருந்திருக்கினம்" என்றாள்.

வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்ற பூரணத்தின் முகம் நினைவுக்கு வந்தது. அவளும் யாரோ சொல்லியிருப்பார்கள் என்றுதான் இருந்தாளா? எனக்குத் தெரியாது. கேட்க அவள் இப்போது இல்லை.

தம்பி, எல்லா ஊரிலும் ஒரு கயிறு இருக்கும், ஒரு களம் இருக்கும். அது இல்லாத ஊர் தேடினால் நீ சவுதியில்தான் வீடு வாங்க வேண்டும். கயிறு வருகிறதுக்கு முன்னம் வந்து சொல்லுகிற ஒருத்தி அந்த ஊரில் இருக்கிறாளா என்பதுதான் கேள்வி. எனக்கு அன்றைக்கு ஒருத்தி இருந்திருந்தால், நான் உன்னைத் தூக்கிக்கொண்டு அந்த மணலுக்குள் நடந்திருக்க மாட்டேன். வசந்திக்கு ஒருத்தி இருக்கிறாள். ஆகவே வாங்கு. ஆனால் தரகரை விட்டுவிட்டு, இந்த மாசம் சூடு மிதிக்கும்போதே நீ ஒரு தரம் வந்து, களத்தில் நிற்கிற ஆண்களோடு கதைத்துவிட்டுப் போ. பின்பக்கம் படலை வைக்காதே. உன் பிள்ளைகளுக்குப் பந்தடிக்க வேறு இடம் பார்.

நாங்கள் வெளிக்கிடும்போது நல்லம்மா உள்ளே போய் ஒரு மண் முட்டியைக் கொண்டு வந்தாள். அவள் புருசன் குளத்தில் பிடித்த விரால், தண்ணீருக்குள் உயிரோடு கிடந்தது. "இண்டைக்கு வெள்ளி எண்டு தெரியும் அம்மா. விரால்தானே, நாளைக்கும் உயிரோட கிடக்கும். நாளைக்குச் சமையுங்கோ" என்றாள். வசந்தி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு என் வெள்ளிக்கிழமை தெரியும்.

நான் இரண்டு கையாலும் வாங்கினேன். லிங்கநகர் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ் குலுங்கின இடமெல்லாம் தண்ணீர் தெறித்துச் சேலை நனைந்துபோனது. முட்டியைப் படலைக்கு வெளியே, வேலியோரம் நிழலில் வைத்தேன், வீட்டுக்குள் ஏற்றவில்லை. சனிக்கிழமை உன் பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

இதை வாசித்துவிட்டு உன் பெரியப்பாவை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே.

அம்மா